அங்கம்மா சுட்ட வெள்ளம்

அங்கம்மாவுக்குப் பேச்சு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூலாய்க்குப் பக்கத்தில் இருந்த மங்குச் சூளையில் காலையில் முதலில் கேட்பது அவள் குரல்தான். மீன்காரன் கொண்டுவந்த கெளுத்தி இன்றையதா நேற்றையதா என்பதில் தொடங்கி, சூளை முதலாளியான தவுக்கே வாங்கிய புது சைக்கிள், யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று எதையும் விடமாட்டாள். செத்துப்போன மகளைப் பற்றி மட்டும் அவள் பேசி ஒருவரும் கேட்டதில்லை. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், காது கேளாதவள்போல் கையில் இருக்கும் வேலையைக் குனிந்து பார்ப்பாள்.

ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்க மரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறிய மண் கோப்பைதான் மங்கு. மலாயாவின் தெற்கே, ஜொகூரில் எங்கே பார்த்தாலும் ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மரத்துக்கு ஒரு மங்கு. உடைவதும் தொலைவதுமாக, எத்தனை செய்தாலும் போதாது. சீனர்கள் மேட்டுச் சரிவில் நீளமாகச் சூளை கட்டி, அடியில் தீ மூட்டி, அது உச்சிவரை ஏறிப் போகும்படி எரிப்பார்கள். அவர்கள் அதைப் பறக்கும் நாகம் என்றார்கள். அங்கே வேலை செய்த தமிழர்களுக்கு அது மலைப்பாம்பு.

அங்கம்மாவின் வேலை, சக்கரத்திலிருந்து வரும் பச்சை மங்கின் விளிம்பை ஈரத் துணியால் தடவிப் பிசிறு நீக்குவது. அவளோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்தவள் ஆ முய். அவள் புருஷன்தான் சூளைக்குத் தீ போடுகிறவன். அங்கம்மாவுக்குச் சீனம் தெரியாது, ஆ முய்க்குத் தமிழ் தெரியாது. சந்தை மலாயை வைத்துக்கொண்டு இருவரும் நாள் முழுவதும் பேசுவார்கள்.

அங்கம்மா கூலாய்க்கு வந்த கதையைச் சொல்லவேண்டும்.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறுமி. கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றோரத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் அவர்களை இறக்கினார்கள். வளர்ந்ததும் அங்கேதான். அதே தோட்டத்தில் ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த சின்னத்தம்பிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதிகம் பேசாத மனிதர். கத்தி பிடித்தால் பட்டைக்கு உள்ளே மரத்தில் ஒரு காயம் படாது. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. தனலெட்சுமி என்று பெயர் வைத்துத் தனம் என்று கூப்பிட்டார்கள். தனம் நடக்கத் தொடங்கிய சமயத்தில் சின்னத்தம்பி ஒரு கறவை மாடு வாங்கினார்.

1926 மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஆறு ஒரு காலை கரை தாண்டியது. உச்சிவேளைக்குள் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் வாசற்படி மறைந்துவிட்டது. சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகை இருந்த மேட்டுக்கு ஏறினார்கள். அங்கம்மா அறிந்தவரையில் அதற்குப் பிறகு நடந்தது இது: மேட்டுக்கு வந்து சேர்ந்த சின்னத்தம்பி, கீழே கொட்டிலில் கட்டிக்கிடந்த மாட்டை அவிழ்த்துவிட மறுபடியும் இறங்கிப் போனார். அப்போது நான்கு வயதாகியிருந்த தனம் அப்பாவின் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாடு நீந்திக் கரையேறியது. குழந்தையை மறுநாள் மூங்கில் புதரில் கண்டெடுத்தார்கள்.

அதன்பிறகு அங்கம்மா அந்த மாட்டின் பாலைத் தொடவில்லை. சின்னத்தம்பி மாட்டை விற்றார். அப்போதும் அவளுக்கு ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆறு இல்லாத எடமாப் போயிருவோம்" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கூலாய்ப் பக்கம் வந்தார்கள். பழைய ரப்பர் மரங்களை வெட்டிச் சூளைக்கு விறகு கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவளுக்கு மங்கு.

இருவரும் சண்டை போட்டதில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டார். காய்ச்சல் வந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் பெயரை இருவரும் வீட்டில் சொல்வதில்லை. யார் முதலில் அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டால் இருவருக்குமே தெரிந்திருக்காது.

மண் பொம்மை செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விளிம்பில் வழித்தெடுத்த மண் துண்டுகள் ஒரு மழை மத்தியானம் காலடியில் குவிந்து கிடந்தன. மண் ஏற்றிவரும் லாரி வராததால் வேலையும் இல்லை. சும்மா ஒரு துண்டை எடுத்துக் கிள்ளினாள். ஒரு மூக்கு வந்தது. அது அவள் அம்மாவின் மூக்கு. மூக்கு வந்ததும் முகமும், இடுப்பில் வைத்த கையும், மீன்காரனைப் பார்த்து முறைக்கும் கண்ணும் தாமாகவே வந்தன. அன்று வீட்டுக்குப் போகும்போது, செத்துப்போன அம்மாவை யாரோ அடுத்த அறையில் உட்காரவைத்துவிட்டுப் போனதுபோல அவளுக்கு இருந்தது.

ஆ முய்யின் புருஷன் அதை மங்குகளுக்கு நடுவில் வைத்துச் சுட்டான். அது சூளைக்குள்ளேயே வெடித்து, பக்கத்தில் இருந்த மங்குகளையும் உடைத்தது. தவுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். அங்கம்மா முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அலமாக்! டாலாம் கோசோங் லா, அங்கமா" என்றாள் ஆ முய். உள்ளே காலியாக இருக்கவேண்டுமாம். கட்டி மண்ணாக இருந்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெடிக்கும். ஒரு கம்பியை எடுத்து, மண் உருண்டையை இரண்டாக அறுத்து, கரண்டியால் உள்ளே வழித்து, மறுபடி சேர்த்து ஒட்டிக் காட்டினாள். அங்கம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பிறகு கழிவு மண் வீணாகவில்லை. தவுக்கேயும் மங்கு கெடாதவரை கண்டுகொள்ளவில்லை. தனித்தனி பொம்மையாக இல்லாமல், ஒரு பலகை அகலத்துக்கு மண்ணைத் தட்டி, அதன்மேல் நடந்தது ஒன்றை அப்படியே நிற்கவைப்பாள். கப்பல் தளத்தைச் செய்தாள். கடலைச் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பார்கள். பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். தன் கல்யாணத்தைச் செய்தாள். மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணை மறைத்துக்கொண்டிருக்க, தாலியை அவர் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பார். சூளைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பழைய தோட்டத்துக் கங்காணியை அவள் செய்தபோது கிருஷ்ணம்மா பார்க்க வந்தாள். கிருஷ்ணம்மாவும் அந்த ஆற்றோரத் தோட்டத்தில் இருந்தவள்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவள் குடும்பமும் கூலாய்க்கு வந்து, அவளும் சூளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"மூஞ்சி அவரேதான்டி. ஆனா கை ஏன் இம்புட்டுப் பெரிசு? தலையவிடப் பெரிசா இருக்கு."

"என் மேல விழுந்தப்ப அம்புட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் அங்கம்மா.

அவளுடைய அளவு அப்படித்தான். கண் பார்த்த அளவை அவள் வைக்கவில்லை, மனசில் பட்ட அளவை வைத்தாள். பயமுறுத்தியது பெரிதாக இருக்கும். கவனிக்காமல் விட்டது சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

சுட்டதையெல்லாம் வரிசையாக வைக்க, சின்னத்தம்பி ஒரு மரப்பலகையை இழைத்து வீட்டுச் சுவரில் அடித்துக்கொடுத்தார். ஆனால் பலகையில் இருப்பதை அவர் நின்று பார்த்து யாரும் கண்டதில்லை. மண்ணைச் சுட்டு வைத்திருக்கிறாள், அதில் அவளுக்கு நிம்மதி, அவ்வளவுதான் அவருக்கு.

ஆ முய்க்கு ஒரு மகள் இருந்தாள். நான்கு வயது இருக்கும். அம்மாவோடு சூளைக்கு வருவாள். ஒருநாள் அங்கம்மா மங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கையில், அந்தக் குழந்தை விளையாட்டாகப் பின்னால் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. அங்கம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கூடை கீழே விழுந்து பச்சை மங்குகள் நசுங்கின. குழந்தை பயந்து அழுதது. அங்கம்மா குனிந்து அதன் கையைத் தன் சேலையிலிருந்து மெல்லப் பிரித்தாள். பிரித்த பிறகும் அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை.

அடுத்த நாள் அவள் வெள்ளத்தைச் செய்ய உட்கார்ந்தாள்.

அது மற்றவற்றைப்போல் சீக்கிரம் முடியவில்லை. செய்வாள், கலைப்பாள், ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவாள். ஆ முய் ஒருநாள் சாக்கை விலக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பெண் குழந்தை ஓடிக்கொண்டிருந்தது.

"இனி சியாப்பா?" யார் இது என்று கேட்டாள்.

"அனாக் சாயா" என்றாள் அங்கம்மா. என் பிள்ளை. அத்தனை வருஷங்களில் அதை அவள் இன்னொருவரிடம் சொன்னது அப்போதுதான். தமிழில் வராதது மலாயில் வந்துவிட்டது. ஆ முய் சாக்கை நனைத்துப் பிழிந்து, மறுபடியும் மூடினாள்.

சுட்டு எடுத்தபோது அது நல்ல கனம். மேலே புகைக் கொட்டகையும், அதன் வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சனமும். அதில் குடை பிடித்த தோட்டத்துக் கணக்கர் கிராணியையும், பானையைத் தலையில் வைத்த கிருஷ்ணம்மாவையும் அடையாளம் சொல்லலாம். கீழே தண்ணீர். தண்ணீரில் கொம்போடு ஒரு மாடு, கொட்டகை அளவுக்கு. நடுவில் ஒரு ஆண். அவருக்கு முகம் கிடையாது, முதுகு மட்டும்தான். கதவைச் சாத்தியதுபோல் அகலமான முதுகு. அந்த முதுகுக்குப் பின்னால், கையை நீட்டிக்கொண்டு ஓடும் குழந்தை. சூளைக்குள் பறந்த சாம்பல், தண்ணீரைச் செய்திருந்த இடத்தில் விழுந்து உருகி, பச்சையும் பழுப்புமாகப் பளபளத்தது.

பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். பேச்சு கள்ளுக்கடைவரை போயிற்று. விறகு வண்டி ஓட்டும் காளியப்பன் கெட்டவன் அல்ல. நாக்கில் நரம்பு கொஞ்சம் தளர்ந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நான்கு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் கேட்டுவிட்டான்.

"என்னண்ணே, ஒங்க வீட்டுல அண்ணி ஒங்களுக்கு மூஞ்சியே வைக்கலையாமே? மாட்டுக்குக்கூட வச்சிருக்காங்களாம்."

சின்னத்தம்பி வாங்கிய கள்ளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அங்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து உள்ளே போய்ப் பலகையின் முன்னால் நின்றார். வெகுநேரம் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளும் உள்ளே வந்தாள்.

"எம் முதுகு இம்புட்டுப் பெரிசா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

அவர் விரலால் தொடாமல், ஒவ்வொரு ஆளாகக் காட்டினார். "கிராணி இருக்காரு. கிருஷ்ணம்மா இருக்கு. மாடு இருக்கு. புள்ள இருக்கு. நீ எங்க இருக்க?"

"நான் மேல இருந்தேன்."

"மேல எங்க?"

அங்கம்மா கொட்டகை வாசலில் இருந்த சனத்தைப் பார்த்தாள். அதில் அவள் இல்லை. செய்யும்போது அவளுக்கு அது தோன்றவே இல்லை. தண்ணீரும் மேடும் அவள் கண்ணுக்குள் இருந்தன. அந்தக் கண் இருந்த இடம் மட்டும் மண்ணில் வரவில்லை.

"நான் திரும்பிப் பாத்தேன்" என்றார் சின்னத்தம்பி. "பாதி எறக்கத்துல நின்னு திரும்பிப் பாத்தேன். ஒன் சீலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அங்கயே இருன்னு கையக் காட்டுனேன். அதுக்கப்புறந்தான் போனேன்."

"நீங்க மாட்டுக்குன்னு போனீங்க."

"மாட்ட அவுத்து விட்டுட்டு வாங்கன்னு சொன்னது யாரு?"

"நான் சொல்லல."

"சொன்ன."

"நான் சொல்லலங்க."

"சொன்ன, அங்கம்மா. வாயில்லாச் சீவன் கட்டிக் கெடக்குதேன்னு சொன்ன." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகுது, அவளா வரப்போறா? நீ தாங்க மாட்டேன்னுதான் வாயத் தொறக்கல. இப்ப ஊர் பாக்க வச்சிருக்க."

அங்கம்மா பலகையிடம் போனாள். அந்தச் சிலையைப் போட்டு உடைக்கத்தான் அவள் தூக்கினாள். கனம் தாங்காமல் அது ஒரு பக்கம் சரிந்தது. சின்னத்தம்பி சட்டென்று எழுந்து மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வச்சிரு" என்றார். "நீ பாத்தது நீ பாத்ததுதானே. ஒடைச்சா மட்டும் இல்லன்னு ஆயிருமா?"

பலகையில் பழையபடி வைத்துவிட்டு, அவர் வெளியே போய்ப் பிளந்து போட்டிருந்த விறகை அடுக்க ஆரம்பித்தார்.

அடுத்து வந்த நாட்களில் சூளையில் அங்கம்மாவின் குரல் கேட்கவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டே அவள் அந்த மேட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தாள். மழைச் சத்தம் நினைவுக்கு வந்தது. நனைந்த சாக்கின் நாற்றமும், கிராணி எதற்கோ கத்தியதும் வந்தன. தன் வாய் என்ன சொன்னது என்பது மட்டும் வரவில்லை. வாயில்லாச் சீவன் என்பது அவள் அம்மாவின் பேச்சு. அவளும் சொல்லக்கூடியதுதான். சொல்லக்கூடியது என்பதால் சொன்னதாகிவிடுமா? அத்தனை வருஷமும் அந்த முதுகை அவ்வளவு தெளிவாகப் பார்த்துவந்தாளே, அது கண் பார்த்ததா, பிறகு மனசு செய்துகொண்டதா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

கிருஷ்ணம்மாவிடம் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு மேட்டுல அவரு எறங்குறதுக்கு முன்ன நான் என்ன சொன்னேன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

கிருஷ்ணம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த மங்கைக் கீழே வைத்தாள். "அந்த மழையில யாரு என்ன சொன்னான்னு யாருக்குடி கேட்டுச்சு? நான் எம் புள்ளைங்கள எண்ணிக்கிட்டு இருந்தேன்." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய்ப் பட்டது என்று அவளுக்கே தெரிந்தது. அங்கம்மாவின் தோளைத் தொட்டாள். அங்கம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள்.

அன்று சின்னத்தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"எந்தக் கையக் காட்டுனீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"சோத்துக் கை. இந்தக் கைதான்."

"அவ என்ன செஞ்சா?"

"ஒரு கையில ஒன் சீலை. இன்னொரு கையில ரெண்டு வெரல வாயில போட்டுக்கிட்டு நின்னா."

தூக்கம் வந்தாலும் பயம் வந்தாலும் தனம் செய்வது அது. இரண்டு விரல், ஒன்றல்ல. அங்கம்மா அதை மறந்தே போயிருந்தாள். அது காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயில் சேலையை வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சின்னத்தம்பி சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல், "அந்த வெரலுக்கு வேப்பெண்ணெ தடவி விடுவியே, அப்பவும் விடமாட்டாளே" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அங்கம்மா இரண்டாவது வெள்ளத்தைத் தொடங்கினாள். இந்த முறை சூளையில் வைத்துச் செய்யவில்லை. மண்ணைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்த சாயங்காலங்களில் வாசலில் வைத்துச் செய்தாள். சின்னத்தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அவர் உருவத்தின் தோளில் அவள் போட்டிருந்த சாக்கை, "தோள்ல இல்ல, தலையில போட்டிருந்தேன்" என்று திருத்தினார். தண்ணீர் இவ்வளவு தூரம் ஏறவில்லை என்றார். மாட்டின் ஒரு காது கிழிந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்து, அவள் செய்தது சரியாக வராததால், தானே குனிந்து அதைக் கிள்ளிவிட்டார். மண் ஒட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

"புள்ளய எம்புட்டுப் பெரிசா வைக்க?" என்று கேட்டாள்.

"அம்புட்டுச் சனத்துல எனக்கு அவ கைதான் தெரிஞ்சுது. ஒன் சீலையப் பிடிச்சிருந்த கை."

அந்தக் கையை அவள் பெரிதாக வைத்தாள்.

கடைசியில் மிச்சமிருந்தது அவள்தான். "நான் எப்படி நின்னேன்?" என்று கேட்டாள். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"பயந்து போயிருந்த. வாயத் தொறந்து கத்துன. ஒரு கைய நீட்டிக் கொட்டில் பக்கம் காட்டுன. இடுப்புல துணி மூட்டை."

அவள் அப்படியே செய்தாள். திறந்த வாய். நீட்டிய கை. இன்னொரு கையை வளைத்து மூட்டையை அணைத்துப் பிடிக்கவைத்தாள். அழுத்தி ஒட்டிவிட்டு, சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

"ரெண்டு கையும் வேலையா இருந்துருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார் சின்னத்தம்பி. "எனக்கும் அதான் தெரிஞ்சுது. அதுனாலதான் அவ சீலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

மாட்டை அவிழ்க்கச் சொன்னது அங்கம்மாவுக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்ததாக அவள் பொய் சொல்லவும் இல்லை. இது அவர் பார்த்தது என்று தெரிந்தேதான் செய்தாள்.

அது காய்ந்துகொண்டிருந்தபோது ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் பாதி மரத்தில் பால் எடுக்காமல் விட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மங்கு வாங்க ஆள் இல்லை. சூளைத் திடலில் மங்குகள் அடுக்கடுக்காக நின்று மழையில் பாசி பிடித்தன. இன்னும் ஒரு சூளைதான், அதோடு விலை ஏறும்வரை தீ கிடையாது என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

மழைக்காலமானதால் அங்கம்மாவின் மண் முழுவதும் காயவில்லை. ஆ முய்யின் புருஷன் அதைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வெடித்தால் கடைசிச் சரக்கும் போகும். அங்கம்மா நேராகத் தவுக்கேயிடம் போய் நின்றாள். இதற்குமுன் அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லை. தவுக்கே வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய் திறந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தார், குழந்தையின் கையைப் பார்த்தார். புகைபோக்கிக்குப் பக்கத்தில், கடைசி அறையில் தனியாக வைக்கச் சொன்னார். அங்கே சூடு குறைவு. உடைய வேறு சரக்கும் இல்லை.

சூளை எரிந்து ஆறும்வரை சின்னத்தம்பி விறகு வெட்டப் போகவில்லை. வெட்டினாலும் வாங்க ஆள் கிடையாது. கடைசி அறையை அடைத்திருந்த செங்கல்லைப் பிரித்ததும், யாரையும் விடாமல் அவரே முழங்கால் போட்டு உள்ளே போனார். அனல் இன்னும் இருந்தது. முகமெல்லாம் கரியாக வெளியே வந்தபோது அதை மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். பளபளப்பு இல்லை. சாம்பல் அவ்வளவு தூரம் ஏறவில்லை. செங்கல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. நீட்டிய கையின் முழங்கையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது, ஆனால் கை விழவில்லை.

இரண்டையும் ஒரே பலகையில்தான் வைத்தார்கள். காளியப்பன் ஒருநாள் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எதுண்ணே நெசம்?" என்று கேட்டான். சின்னத்தம்பி, "ஒக்காரு, காப்பி குடி" என்றார்.

கிருஷ்ணம்மாவின் குடும்பம் கப்பலேறியது. போகும்போது கல்யாணப் பொம்மையைத் தரச் சொல்லிக் கேட்டாள். அங்கம்மா அதைப் பழந்துணியில் சுற்றிக் கொடுத்தாள். "ஊர்ல யாராவது கேட்டா, இதுதான் நாங்க இருந்த எடம்னு காட்டுவேன்" என்றாள் கிருஷ்ணம்மா. கப்பலேறப் பெயர் கொடுக்கலாம் என்று இவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். சின்னத்தம்பி அவளைக் கேட்டார், அவள் அவரைக் கேட்டாள். இருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஆ முய் குடும்பத்தோடு சேர்ந்து சூளைக்குப் பின்னால் புதர் வெட்டி, மரவள்ளியும் கீரையும் போட்டுக் காலத்தை ஓட்டினார்கள். மரவள்ளியைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போன காலம் அது. ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை.

1934-இல் விலை தேறி, மலைப்பாம்புக்கு மறுபடி தீ போட்டார்கள். அங்கம்மா பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவள் குரலும் திரும்பிவந்தது. வெள்ளத்தை அவள் பிறகு செய்யவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் வாசலில் மண் பிசைந்துகொண்டிருந்தாள். என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை. கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த சின்னத்தம்பி, யாரும் கேட்காமலே, தானாகச் சிரித்தார்.

"என்னங்க?"

"தனம் கோழிங்களுக்குப் பெரட்டு எடுப்பா, ஒனக்குத் தெரியுமா?"

பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கம்மா மண்ணை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது.

"நீ தண்ணிக்குப் போயிருப்ப. கோழியெல்லாம் தெரத்திக் கொண்டாந்து வரிசையா நிக்க வைப்பா. நிக்குமா அது? ஒவ்வொண்ணா பேரு கூப்பிடுவா. வராத கோழியப் பாத்து, 'ஒனக்கு இன்னைக்கு அரைநாள் சம்பளந்தான், போ'ம்பா."

அங்கம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண்ணாயிற்று. "கையை எங்க வச்சிக்குவா? இடுப்புலயா?"

"இடுப்புல இல்ல." அவர் ஈரக் கையை உதறிவிட்டு வாசல் நடுவில் வந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, கிராணியைப்போல் மோவாயை உயர்த்தினார். "இப்படி."

"அசையாம நில்லுங்க" என்று சொல்லி, அங்கம்மா ஒரு பிடி மண்ணை எடுத்தாள்.